கருப்பட்டி என்றால் சுகர் ஏறாதா?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 54. நான்கு வருடமாக சுகர் இருக்கிறது. அப்போதே வீட்டில் சீனியை நிறுத்திவிட்டோம். காலை, மாலை இரண்டு வேளையும் கருப்பட்டிக் காப்பிதான். அப்படியும் சாப்பிட்ட பிறகு பார்த்தால் 230, 240 என்று நிற்கிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மாத்திரையை மாற்றித் தந்தார்கள். அன்றிலிருந்து வயிறு பொருமல், ஓயாமல் காற்றுப் பிரிகிறது. நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போகவே கூச்சப்படுகிறார். ஒருநாள் தோட்டத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். கருப்பட்டித் துண்டைக் கொடுத்தோம். தெளிய வெகுநேரம் ஆனது. மகன் மதுரையில் கல்லூரியில் படிக்கிறான். வீட்டில் காப்பி குடித்தால் அவனுக்கு ஒன்றும் செய்யாது. ஜிகர்தண்டா குடித்தால் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றைக் கலக்கிவிடும். 'சீனிதான் விஷம், கருப்பட்டி தானாகச் செரித்துவிடும்' என்பது என் மாமியார் கட்சி. எல்லாச் சர்க்கரையும் ஒன்றா, வேறு வேறா?

பதில்:

அம்மா, மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம். முதலில் அந்தப் புது மாத்திரையின் அட்டையை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். இப்போது இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருவது வழக்கம். அந்தப் பெயர்களில் வோக்லிபோஸ் என்றோ அகார்போஸ் என்றோ இருக்கிறதா? இருந்தால், சுகர் இறங்கி மயக்கம் வரும் நேரத்தில் கருப்பட்டியை நம்பி இருக்க வேண்டாம். சீனியும் அப்படித்தான். மெடிக்கலில் குளுக்கோஸ் பொடி வாங்கி, அவர் சட்டைப்பையில் ஒரு பொட்டலம், தோட்டத்து மோட்டார் அறையில் ஒரு டப்பா என்று வைத்துவிடுங்கள். அட்டையைப் பார்க்காமலேயே எனக்கு அந்தச் சந்தேகம் வரக் காரணம், உங்கள் கடிதத்தில் இருக்கும் 'காற்று'. ஏன் என்று சொல்ல, இனிப்பு குடலுக்குள் போய் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் பக்கத்துப் பேச்சிலேயே ஒரு குழப்பம் உண்டு. கடையில் வெள்ளையாக வாங்குவது சீனி. பொங்கலுக்குப் போடுவது சர்க்கரை. உடம்புக்கு வந்தால் அது சுகர். டாக்டர் 'சர்க்கரையைக் குறையுங்கள்' என்றால், 'நாங்கள் சீனிதானே போடுகிறோம்' என்று கேட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். 'சீனியைக் குறையுங்கள்' என்றதும் நாட்டுச்சர்க்கரைக்கு மாறி வந்தவர்களும் வந்திருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சீனியில் இருப்பது சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்று, ஃப்ரக்டோஸ் ஒன்று, இரண்டும் கைகோத்துக்கொண்ட ஜோடி அது. பாலில் இருக்கும் லாக்டோஸும் ஜோடிதான். குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தது. சோறு, இட்லி, கேழ்வரகுக் களி எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து, ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலி. குடலின் சுவர் இவை எதையும் அப்படியே உள்ளே விடாது. கோயிலில் தரிசன வரிசைக்குக் கம்பி கட்டியிருப்பார்களே, கைகோத்துக்கொண்டு போக முடியாது, ஒவ்வொருவராகத்தான் நுழைய வேண்டும், அந்த மாதிரி. ஜோடி பிரிந்தால்தான் வழி.

பிரித்துவிடுவது என்சைம்கள். மாவுச்சத்துக்கு அந்த வேலை வாயிலேயே தொடங்கிவிடும். வெறும் சோற்றை ஒரு வாய் போட்டு நிதானமாக மென்று பாருங்கள், லேசாகத் தித்திக்கும். எச்சிலில் உள்ள என்சைம் சங்கிலியை நறுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரைப்பையில் அமிலம் வந்து அதை நிறுத்திவிடும். அப்புறம் சிறுகுடலின் தொடக்கத்தில் கணையத்திலிருந்து வரும் நீர் பாக்கிச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கும். கடைசி வெட்டு நடப்பது சிறுகுடலின் சுவரிலேயே. அங்கே சுக்ரோஸைப் பிரிக்க ஒன்று, மாவுச்சத்தின் கடைசித் துணுக்குகளைப் பிரிக்க ஒன்று, லாக்டோஸைப் பிரிக்க லாக்டேஸ் என்று ஒன்று, ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். லாக்டேஸின் வேலையை மற்றவை செய்யாது. உங்கள் வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் வெவ்வேறு தொந்தரவு ஏன் என்பது இதற்குள் இருக்கிறது.

இப்போது கருப்பட்டி. பதநீர் இறக்கும்போது கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். தடவாவிட்டால் என்ன ஆகும்? ஈஸ்ட் புகுந்து, பதநீரில் உள்ள சுக்ரோஸை உடைத்துப் புளிக்க வைத்துவிடும், பதநீர் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு அதைத் தடுத்து, சுக்ரோஸை அப்படியே காப்பாற்றுகிறது. அந்தச் சுக்ரோஸைக் காய்ச்சி இறுக்கியதுதான் கருப்பட்டி. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ சுக்ரோஸ். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். மீதியில் ஈரம், கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், கொஞ்சம் தாது உப்புகள். அந்தத் தாது உப்புகளைத்தான் விளம்பரங்களில் பெரிதாகப் பேசுகிறார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஸ்பூன் கருப்பட்டியில் வரும் இரும்புச்சத்துக்காக சுகர் உள்ளவர் அதைக் குடிக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போதும். சுக்ரோஸ் கரும்பிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா என்று குடல் சுவர் விசாரிப்பதில்லை. வெட்டி, உள்ளே விட்டுவிடும்.

ருசியில் கருப்பட்டியை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி எனக்கும் பிடிக்கும். மாமியாரிடம் அதை ஒத்துக்கொள்ளுங்கள். சுகருக்கு நல்லது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். உண்மையில், 'இது ஒன்றும் செய்யாது' என்ற தைரியத்தில் ஒரு ஸ்பூன் போட்ட இடத்தில் இரண்டு விழுவதுதான் நான் வீடுகளில் பார்க்கும் பெரிய தொல்லை.

அப்படியானால் 240-க்குக் காரணம் கருப்பட்டிக் காப்பியா? முழுக்க இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுக்ரோஸில் பாதிதான் குளுக்கோஸ். சோற்றின் மாவுச்சத்தோ வெட்டி முடித்தால் மொத்தமும் குளுக்கோஸ். வேகவைத்த வெள்ளைச்சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. மத்தியானம் 400 கிராம் சோறு வைத்துச் சாப்பிட்டால் (தோட்டத்து வேலை செய்பவர்களுக்கு அது பெரிய சாப்பாடு இல்லை) நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸ் அதிலிருந்தே வந்துவிடும். இரண்டு வேளைக் காப்பியின் கருப்பட்டி இருபது கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகவே காப்பியில் இனிப்பை விட்டால் மட்டும் போதாது. சோற்றின் அளவைக் கால்பங்காவது குறைத்து, அந்த இடத்தைக் காய், பருப்பு, முட்டை, மீன் என்று நிரப்புங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே வருவதுதான் பொதுவாகக் குறி. அவருக்கு எது சரி என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

ஃப்ரக்டோஸ் பாதியைப் பற்றியும் கேட்பீர்கள். அது குடல் சுவரில் வேறு வாசல் வழியாக, மெதுவாகப் போகும். பெரும்பகுதி ஈரலிலேயே தங்கி வேறு பொருளாக மாறும். அதனால் ரத்தத்தில் சுகர் அளவை அது அவ்வளவாக ஏற்றாது. இதைச் சொல்லித்தான் 'ஃப்ரக்டோஸ் இனிப்பு, சுகர்காரர்களுக்கு நல்லது' என்று சில டப்பாக்கள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக்கும், யூரிக் அமிலத்தையும் கூட்டும். பழத்தைப் பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் வரும் ஃப்ரக்டோஸுக்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

சரி, காற்று விஷயம்.

வோக்லிபோஸ், அகார்போஸ் வகை மாத்திரைகள் குடல் சுவரில் இருக்கும் அந்தக் கடைசி வெட்டைத்தான் தடுக்கின்றன. சுக்ரோஸையும் மாவுச்சத்துத் துணுக்குகளையும் பிரிக்கும் என்சைம்கள் மந்தமாகிவிடும். சாப்பிட்டவுடன் குளுக்கோஸ் மடமடவென்று ஏறாமல் மெதுவாக ஏறும். சாப்பாட்டுக்குப் பிந்திய அளவு கூடுதலாக இருப்பவர்களுக்கு இது நல்ல உத்தி. ஆனால் வெட்டுப்படாத இனிப்பில் ஒரு பங்கு அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியா காத்திருக்கிறது. அவற்றுக்கு அது கல்யாண வீட்டுப் பந்தி. தின்று, புளிக்கவைத்து, வாயுவை வெளியே விடும். இந்த மாத்திரையோடு காலை கருப்பட்டிக் காப்பி, நான்கு இட்லி, மாலை திரும்பவும் கருப்பட்டிக் காப்பி என்றால் பந்திக்கு இடைவேளையே இல்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கருப்பட்டியை விட்டு, மாவுச்சத்தைக் குறைத்தாலே பொருமல் கணிசமாகக் குறையும். தினமும் போடப் போட உடம்பும் சில வாரங்களில் பழகும். இந்த மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு, அல்லது அதற்குச் சற்று முன் போட வேண்டும். சாப்பிட்டு எழுந்து, வெற்றிலை போட்டு, அப்புறம் ஞாபகம் வந்து போட்டால் பலன் பாதிதான். அட்டையில் மெட்ஃபார்மின் இருந்தால் அதுவும் ஆரம்பத்தில் வயிற்றைப் படுத்தக்கூடியது. சாப்பாட்டோடு போட்டால் தணியும். பொருமல் அடங்கவே இல்லையென்றால் மாத்திரை தந்த மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிட்டு வரும் ஆண்கள் நிறையப் பேர். எண்ணிக்கை மட்டும் ஏன் ஏறியது என்று நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

தோட்டத்தில் நடந்ததற்கு இப்போது விளக்கம் கிடைத்திருக்கும். வோக்லிபோஸ் தனியாகச் சுகரை அந்த அளவுக்கு இறக்காது. கூடவே கிளிமெபிரைடு போன்ற மருந்து சேர்ந்திருந்தால் இறக்கும். அதுவும் வெயிலில் வேலை, சாப்பாடு தாமதம் என்றால் இன்னும் எளிதாக. அந்த நேரத்தில் கருப்பட்டி கொடுத்தீர்கள். கருப்பட்டியில் இருப்பது ஜோடி. ஜோடியைப் பிரிக்கும் என்சைமை மாத்திரை கட்டிப்போட்டிருக்கிறது. குளுக்கோஸ் பக்கத்தில் இருந்தும் உள்ளே போக வழியில்லை. அதனால்தான் தெளிய அவ்வளவு நேரம்.

குளுக்கோஸ் பொடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஏற்கெனவே ஒற்றை; நேராக நுழைந்துவிடும். மூன்று டீஸ்பூன் குவித்து எடுத்தால் சுமார் 15 கிராம் வரும். அரைத் தம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து சுகர் பாருங்கள். 70-க்கு மேலே வரவில்லை என்றால் இன்னொரு தரம். வாங்கும்போது வாசனை சேர்க்காத சாதாப் பொடியாகக் கேளுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை என்று வருபவற்றில் சீனியும் கலந்திருக்கலாம். குளுக்கோஸ் இல்லாத இடத்தில் தேன் உதவும். பூவிலிருந்து எடுக்கும் சுக்ரோஸைப் பிரிக்கிற வேலையைத் தேனீயே பெரும்பாலும் முடித்துவிடுகிறது. அதில் குளுக்கோஸ் தனியாகவே கிடக்கிறது. (தேன் மருந்து, ஆகவே சுகர் ஏறாது என்று சொல்பவர்களுக்கும் இதே வரிதான் பதில்.) எதுவுமே கையில் இல்லையா, கருப்பட்டியையாவது கொடுங்கள், சும்மா நிற்காதீர்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மகனுக்கு வருவோம். அவனுடைய சிக்கலில் சீனிக்கோ கருப்பட்டிக்கோ பங்கில்லை. பாலின் லாக்டோஸ்தான் என்பது என் கணிப்பு. தாய்ப்பால் குடிக்கும் வயதில் எல்லாக் குழந்தைக்கும் லாக்டேஸ் ஏராளமாக இருக்கும். தாய்ப்பாலில் லாக்டோஸ் பசும்பாலை விடவும் அதிகம். பால்குடி மறந்த பிறகு அது படிப்படியாகக் குறைவதுதான் மனித உடம்பின் வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் பாலை நம்பி வாழ்ந்த சில கூட்டங்களில் மட்டும் குறையாமல் நீடிக்கிறது. உலகத்தில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிப்பதில்லை. ஆகவே இதை நோய் என்றே நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக் காப்பி ஒத்துக்கொள்வதும் ஜிகர்தண்டா ஒத்துக்கொள்ளாததும் அளவு சம்பந்தப்பட்டது. 100 மில்லி பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் உண்டு. காப்பியில் போடும் பால் அவ்வளவுதான். லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை சமாளித்துவிடுவார்கள். ஜிகர்தண்டா என்பது என்ன? பாலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். சுண்டும்போது போவது தண்ணீர் மட்டும். லாக்டோஸ் அங்கேயேதான் இருக்கும், கெட்டிப்பட்டு. அதன்மேல் பாசுந்தி, அதற்கும் மேல் ஐஸ்கிரீம், இரண்டும் பால்தான். பெரிய கிளாஸ் ஒன்றில் 15 கிராமை எளிதாகத் தாண்டிவிடும். நன்னாரி சர்பத்தின் மேலும் பாதாம் பிசினின் மேலும் வீண்பழி போடாதீர்கள். பிரியாத லாக்டோஸ் முதலில் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். அப்புறம் பெருங்குடலில் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். தண்ணீரும் வாயுவும் சேர்ந்தால் வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்? அப்பாவுக்கு மாத்திரை செய்ததை மகனுக்குப் பிறவி செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். விடுதியில் இருந்தபோது ஶ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அரைக்கிலோவை நண்பன் ஒருவனோடு பந்தயம் கட்டித் தின்றேன். பந்தயத்தில் ஜெயித்தேன். அன்றைய இரவைப் பற்றி எழுத வேண்டாம். பால்கோவா, தேங்காய்ப் பாலிலா செய்கிறார்கள்? லாக்டோஸ் பற்றிப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். அது என் வயிற்றுக்குள்ளும் இருக்கும் என்று அதுவரை தோன்றவில்லை.

மகன் இரண்டு வாரம் பால், ஐஸ்கிரீம், பால்கோவா எல்லாவற்றையும் விட்டுப் பார்க்கட்டும். பிறகு லீவு நாளில் வீட்டில், வெறும் வயிற்றில் கால் லிட்டர் பால் குடித்துப் பார்க்கட்டும். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதே கலக்கம் வந்தால் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மூச்சுப் பரிசோதனை உண்டு: பெருங்குடல் பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும், அதை அளப்பார்கள். பெரும்பாலும் அது வரை போகத் தேவையிருக்காது.

தயிரையும் மோரையும் விட வேண்டாம். உறை ஊற்றிய பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தானே தின்று தீர்த்துவிடுகிறது; அதனால்தான் புளிப்பு. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். ஜிகர்தண்டாவை அடியோடு விடச் சொன்னால் அவன் கேட்கப் போவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னக் கிளாஸ் என்று சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைக்குமே, அதில் லாக்டோஸ் கிடையாது. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. பருத்தி விதையில் ராஃபினோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை வெட்டும் என்சைம் மனிதர் யாருக்கும் குடலில் கிடையாது. மொச்சையும் கொள்ளும் தின்றால் வாயு வருவது இந்தக் கூட்டத்துச் சர்க்கரைகளால்தான். எனவே பருத்திப்பாலிலும் சிலருக்கு லேசாகப் பொருமும், கலக்காது. அப்பாவுக்கு வேண்டாம், அதில் கருப்பட்டியோ வெல்லமோ இருக்கும், அரிசி மாவும் சேர்ப்பார்கள்.

கலக்கிய நாளில் சோடாவோ கலர் பானமோ வாங்கிக் குடிக்கச் சொல்லாதீர்கள். அதிலுள்ள அளவுக்கதிகச் சீனி இன்னும் தண்ணீரை இழுக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். குளுக்கோஸும் உப்பும் குடல் சுவரில் ஒரே வாசலில் சேர்ந்து நுழையும். பின்னாலேயே தண்ணீரும் போகும். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்று அளந்து வைத்திருப்பது இதற்காகத்தான். எடை குறைவது, மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்தை எழுப்பும் பேதி, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் லாக்டோஸ் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. நேரில் காட்ட வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டை, ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் என்ன சாப்பிட்டார் என்ற குறிப்பு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவுகள், தோட்டத்தில் மயங்கிய நாளும் நேரமும், அன்று மத்தியானம் எப்போது சாப்பிட்டார் என்பது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மயக்கம் வந்ததை மறக்காமல் முதலில் சொல்லுங்கள். கிளிமெபிரைடு அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.